ஒன்பதாம் எண் கூண்டு

போர்த்தாலெஸ் பகுதியில்
எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தின் தலையில்
வீட்டுக்கு ஒன்றாகப் பத்துக் கம்பிக் கூண்டுகள்.
துணி காயப்போட.
ஒன்பதாவது எங்களுடையது.

மார்ச் மாதம் அதைக் கூட்டிப் பெருக்கினேன்.
பாதி இடத்தில் எலியஸாரின் பழைய சைக்கிள்,
மீதியில் புறாக்கள் விட்டுப்போனது.
சைக்கிளை விற்றேன். அவரிடம் சொல்லவில்லை.
அந்தக் காசில்
ஒரு மடக்கு மேசை, கவ்வி நிற்கும் விளக்கு,
பதினாறு மீட்டர் ஒயர்.
ஒயர் எங்கள் சமையலறை ஜன்னலில் புறப்பட்டு
பூனைபோலச் சுவரேறி வருகிறது.

நாற்காலிதான் அமையவில்லை.
மூடிப்போன பல் மருத்துவமனை வாசலில்
வெயிலில் கிடந்தது ஒன்று,
சாயும், நிமிரும், தலைக்குக் குழிகூட உண்டு.
கேஸ்காரப் பையனும் நானும் தூக்கிவந்தோம்,
நான்காம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது
"யாருக்கம்மா பல்வலி?" என்றான்.

மேலே உலரும் போர்வைதான் கூரை.
ஈரம் இருக்கும்வரை குளிர்ந்த நிழல்.
காய்ந்ததும் மடித்துக் கீழே கொண்டுபோக வேண்டும்,
ஆக என் கூரைக்கு ஆயுள் மூன்று மணி நேரம்.
ஒரு பாடத்துக்கு அது போதும்.

கீழே மூன்று பிள்ளைகள், இரண்டு டி.வி.
மேலே பூட்டை உட்பக்கமாய்ப் போட்டுக்கொண்டு
நாற்பத்து மூன்று வயதில்
செவிலியர் படிப்பு, முதலாண்டு.
அடுத்த மாடியில் ஒரு நாய்,
பிறந்ததிலிருந்து தெருவையே மிதித்திராதது.
கூண்டுக்குள் என்னைப் பார்த்து ஒரு வாரம் குரைத்தது,
பிறகு இரக்கப்பட்டு நிறுத்திக்கொண்டது.

செப்டம்பரில் ஓர் இரவு, ஒன்றேகால் மணி.
உட்காது பற்றிய பாடம்.
மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே நீர்.
தலை திரும்பும்போது நீர் சற்றுத் தயங்கும்,
அந்தத் தயக்கத்தை வைத்துத்தான்
விழாமல் நிற்கிறோம்
என்ற வரிக்கு அடிக்கோடு போடும்போது
தெருக் கம்பங்கள் எல்லாம் ஒரே குரலில் ஊளையிட்டன.
நிலநடுக்க எச்சரிக்கை.

மாடிப்படியில் ஒட்டியிருக்கும் விதி:
மூன்றாம் தளம்வரை கீழே ஓடு,
அதற்கு மேல் என்றால் மொட்டைமாடிக்கு.
நான் ஏற்கெனவே மொட்டைமாடியில்.
பூட்டிய கூண்டில்.
சாவியைத்தான் பக்கக் குறியாக வைத்திருந்தேன்,
எந்தப் பக்கத்தில்?

தளம் நகர்ந்தது. படகு அல்ல,
யாரோ கம்பளத்தை மெதுவாக இழுப்பதுபோல.
தொட்டிகளுக்குள் தண்ணீர் புரண்டது,
தயங்கியது, திரும்பியது, தயங்கியது.
பத்துத் தொட்டிகள், பத்துக் காதுகள்.
இதை இவ்வளவு தெளிவாக
எந்த ஆசிரியரும் நடத்தியிருக்க மாட்டார்
என்று நினைத்ததும் நினைவிருக்கிறது,
புத்தகத்தைத் தலைகீழாய் உதறியதும்.

பூட்டுத் திறந்தபோது எல்லாம் நின்றுவிட்டிருந்தது.
அதற்குள் ஏறி வந்திருந்தார்கள்:
ஒற்றைக் காலுறையில் டோன் ஃபுல்ஹென்சியோ,
கைக்குழந்தையோடு ஹசிந்தா,
இடுப்பில் ஒன்று, பின்னால் இரண்டாக எலியஸார்.
அவர் விளக்கைப் பார்த்தார்,
பல் மருத்துவ நாற்காலியைப் பார்த்தார்,
மேசைமீது கையூன்றி மூச்சு வாங்கினார்.
உயிரோடு இருக்கிறாயா என்றெல்லாம் இல்லை.
"சைக்கிள் எங்கே?"
"கை ஊன்றியிருக்கிறீர்களே, அதுதான்."

யாருக்கும் கீழே இறங்க மனம் வரவில்லை.
டோன் ஃபுல்ஹென்சியோ நாற்காலியில் சாய்ந்தார்,
சாய்ந்ததும் பழக்கதோஷத்தில் வாய் திறந்தது,
அப்படியே தூங்கிப்போனார்.
மீதி உட்காதை நின்றுகொண்டே படித்தேன்.

இப்போதெல்லாம் கூண்டைப் பூட்டுவதில்லை.
மாலையானால் ஒவ்வொருவராய்ச் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு
ரத்த அழுத்தம் பார்க்க வருகிறார்கள்.
அந்தப் பாடத்துக்கு இன்னும் வரவில்லை என்றால்
பரவாயில்லை, சும்மா பார் என்கிறார்கள்.
நாய் வரிசையைப் பார்த்துக் குரைக்கிறது.

நேற்றுப் போர்வை காய்ந்துவிட்டது, பாடம் முடியவில்லை.
எலியஸார் ஒரு வாளித் தண்ணீரோடு ஏறி வந்தார்,
ஒன்றும் பேசாமல் அதன்மேல் அள்ளித் தெளித்தார்,
படியிறங்கும் இடத்தில் நின்று
எவ்வளவுக்குப் போனது என்று மட்டும் கேட்டார்.